பிறை காணாத புதுவை ரூபாய்

புதுச்சேரியின் நாணய வரலாற்றில் 1736 ஓர் எல்லைக்கல். பிரெஞ்சு ஆளுநர் துய்மா, ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலீகானிடமிருந்து வெள்ளி ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றது அவ்வாண்டில்தான்.

அந்த ரூபாயைக் கையிலெடுத்துப் பார்ப்போம். ஒரு பக்கத்தில் முகலாயப் பேரரசர் முஹம்மது ஷாவின் பெயர் பார்ஸியில் இருக்கிறது. மறுபக்கத்தில் ஆட்சியாண்டும், 'ஆர்க்காட்டில் அடிக்கப்பட்டது' என்ற வாசகமும் உள்ளன. பிரெஞ்சு மொழியில் ஓர் எழுத்தும் இல்லை. புதுச்சேரி என்ற பெயரும் இல்லை. ஆர்க்காட்டு ரூபாய்க்கு நாட்டுச் சந்தையில் இருந்த மதிப்பையே பிரெஞ்சு வணிகர் நாடினர். சென்னை ஆங்கிலேயரும் அதே பெயரில் அடித்தனர். அவர்கள் காசுக்குத் தாமரை அடையாளம். புதுவைக் காசுக்குப் பிறை. ஈண்டு இப்பிறையை நாம் சமயச் சின்னமாகக் கொள்ளலாகாது. அது அக்கசாலையின் குறி. ஆட்சியாண்டு பொறித்த பக்கத்தில் அமைந்த அச்சிறு குறியே காசின் பிறப்பிடத்தைச் சொல்லும்.

அப்படியானால், பிறை காணப்படாத ஒரு காசை 'அரிய வகைப் புதுவை ரூபாய்' என்று ஒருவர் பெருவிலை கூறினால் நாம் எவ்வாறு மெய் காண்பது?

அக்காலத்தில் வெள்ளி வில்லையை அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்தனர். அச்சு பெரிது, வில்லை சிறிது. எனவே வாசகத்தின் ஒரு பகுதி வில்லைக்கு வெளியே போய்விடும். ஆதலின், பிறை இருக்கவேண்டிய இடம் காசில் விழுந்திருக்கிறதா என்பதே முதற்கேள்வி. விழவில்லையெனில் அது தனிவகையன்று. குறைபட விழுந்த சாதாரணக் காசு.

இடம் விழுந்திருந்தால் உருப்பெருக்கியின் துணை வேண்டும். சுற்றியுள்ள எழுத்துகளும் மழுங்கியிருந்தால் அது புழக்கத் தேய்வு. எழுத்துகள் கூர்மையாக இருக்க, அவ்விடம் மட்டும் கீறலுடன் பள்ளமாயிருப்பின் எவரோ சுரண்டியிருக்கின்றனர். மங்கிய சுவடு தென்பட்டால் அச்சின் குழியில் அழுக்கு அடைத்திருக்கலாம். எடை ஏறத்தாழ பதினொன்றரைக் கிராம் இருத்தல் வேண்டும். பரப்பில் காற்றுக் குமிழித் துளைகளும் விளிம்பில் அரம் தேய்த்த தடமும் காணின், அது அச்சில் அடித்ததன்று, வார்த்தெடுத்த போலி என ஐயுறலாம்.

இவையனைத்தையும் கடந்து, இடம் தெளிவாகவும் வெறுமையாகவும் இருந்தால்? அப்போதும் அது புதுவைக் காசென்று நிறுவப்படவில்லை. ஆர்க்காட்டுப் பெயர் தாங்கிய வேறொரு சாலையின் காசாகவும் இருக்கலாமன்றோ! அரசர் பெயருள்ள பக்கத்தைப் பிறையுள்ள காசுகளோடு ஒப்பிட வேண்டும். எழுத்தமைப்பும் அச்சின் வெடிப்பும் புள்ளியும் ஒன்றேபோல் பொருந்தி, இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை எனத் தெரிந்தால் அதுவே வலுவான சான்று.

குறி இல்லாமையை மட்டும் சான்றாகக் கொண்டு ஒரு காசுக்கு ஊர் சூட்டினால், ஆர்க்காட்டின் வரலாறு புதுவையின் கணக்கில் ஏறிவிடும். அவ்வாறு ஒருமுறை பட்டியலில் ஏறிய பிழையைப் பின்வருவோர் எடுத்தாண்டுகொண்டே செல்வர். சான்று கிட்டாதவிடத்து 'ஆர்க்காட்டு ரூபாய், அக்கசாலை தெளிவில்லை' என்று எழுதிவைப்பதே நேர்மை. விலை குறையலாம், வரலாறு குறைபடாது.