மகரகமைக்குப் போற பஸ்ஸும் வேலூர் வீடும்

இரத்தினபுரியில் பஸ் ஏறி ஏ4 வீதியில் கொழும்புப் பக்கம் போனால் அவிசாவளை, ஹோமாகம தாண்டி மகரகம வரும். யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து ஆட்களும் அவிசாவளைக்கு வந்து இந்த வீதியைத்தான் பிடிக்கணும். அங்கே இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இப்போ 'அபேக்ஷா' என்று பெயர். எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று அர்த்தம்.

நோயாளியோடு புருஷனோ பொஞ்சாதியோ கூடப் போறாங்க. அன்றைக்கு அவங்களுக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. மருந்துச் சீட்டு நோயாளிக்கு. கூட வந்தவருக்கு என்ன? கிறிஸ்தவக் குடும்பம் என்றால் "ஜெபம் பண்ணுங்க" என்பாங்க. அந்த ஜெபம் எதைத் தரும், எதைத் தராது என்று பேசிக்கிட்டிருந்தபோதுதான் எங்களுக்கு ஸ்கடர் குடும்பம் ஞாபகம் வந்தது.

அவங்க கதை இலங்கையில்தான் தொடங்குது. 1819-ல் அமெரிக்காவில் கப்பலேறிய டாக்டர் ஜோன் ஸ்கடர், யாழ்ப்பாணம் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். அதே பெயர்கொண்ட அவருடைய மகன் பிறந்ததும் யாழ்ப்பாணத்தில். மகனும் டாக்டர், கூடவே போதகர். மனைவி சோபியாவோடு தமிழ்நாட்டில் ஊழியம் செய்தார். இந்த வீட்டில் மருந்தும் ஜெபமும் ஒன்றோடொன்று சண்டை போட்டதில்லை.

1900 ஜனவரியில் மகள் ஐடா மருத்துவம் படித்துவிட்டு வேலூர் வந்தார். அப்பாவிடம் தொழில் பழகலாம் என்பது எண்ணம். சில மாதங்களிலேயே அப்பா புற்றுநோயில் இறந்துபோனார். கீமோவும் கதிர் சிகிச்சையும் அங்கே இல்லாத காலம். ஜெபிக்கத் தெரிந்த வீடு, மருந்து தெரிந்த வீடு. இரண்டும் இருந்தும் அவர் பிழைக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்லணும்.

ஏனென்றால், "விசுவாசம் இருந்தா சுகமாகும், மருந்து வேணாம்" என்று ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு கிளினிக்கை நிறுத்திய ஆட்களை நாங்க லயங்களில் பார்த்திருக்கிறோம். நோய் முற்றும்போது பழி மனைவி மேல விழும்: விசுவாசம் பத்தவில்லையாம்! அப்படிப் பார்த்தால் சோபியாவுக்கும் விசுவாசம் பத்தவில்லையா?

கணவர் போன பிறகும் சோபியா ஒரேயடியாக அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகவில்லை. 1925-ல் காலமாகும்வரை, கால் நூற்றாண்டு, மகளோடு இருந்தார். ஐடாவின் வைத்தியம் முதலில் நடந்தது வீட்டுச் சின்ன அறையில், ஒரே ஒரு கட்டிலோடு. 1902-ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. நியூயோர்க்கைச் சேர்ந்த ஷெல் என்பவர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் கட்டியது அது. ஒருவர் கணவரை இழந்தவர், மற்றவர் மனைவியை இழந்தவர். அந்த ஒற்றைக் கட்டில்தான் பிறகு வேலூர் சிஎம்சி ஆனது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் விசுவாசம், நம்பிக்கை என்று இரண்டு சொல் வைத்திருப்பது சும்மா இல்லை என்று நாங்க நினைக்கிறோம். விசுவாசம் கடவுள்மேல. நம்பிக்கை, நாளைக்கு எழும்பி அடுத்த வேலையைப் பார்க்கிறது.

எங்க பக்கத்தில் சில வீடுகளில் ஜெபக்கூட்டம் முடிந்ததும் யாரும் உடனே கலைவதில்லை. அடுத்த கிளினிக்குக்கு யார் கூடப் போறது, சிங்களம் பேசத் தெரிந்தவர் யார், பிள்ளைகளுக்கு அன்றைக்கு யார் வீட்டில் சோறு என்று பேசி முடித்துவிட்டுத்தான் எழும்புவாங்க.