வில்லை இல்லாத வண்டி

திருப்பதி காந்தி ரோட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேட்டரி ஸ்கூட்டர்களைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே சீட்டு, அதே கண்ணாடி, அதே எல்.இ.டி. விளக்கு. ஒன்றின் பின்னால் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் பதிவு எண் இருக்கும். மற்றதில் எண் இருக்க வேண்டிய இடத்தில் விற்ற கடையின் பெயரும் போன் நம்பரும் இருக்கும். சட்டத்தின் கண்ணில் முதலாவது மோட்டார் வாகனம்; இரண்டாவது மோட்டார் வாகனமே அல்ல. அதற்கு லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், ஹெல்மெட்டும் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளை ஓட்டினாலும் வயதைக் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை. இந்தப் பிரிவினை மின்சாரம் வந்ததால் வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் வேர் அதைவிடப் பழையது. வண்டி எவ்வளவு வலுவானது என்று அளந்து சலுகை தரும் பழக்கம் அது. அந்தப் பழக்கத்தில் சட்டம் வேறொன்றை வழியில் தொலைத்துவிட்டது என்பதே என் வாதம்: தெருவில் ஓடும் வண்டி யாருடையது, அது யாரையாவது இடித்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை.

முதலில் சைக்கிளின் கதை. திருப்பதியை உள்ளடக்கியிருந்த சித்தூர் மாவட்டம் உருவானது 1911 ஏப்ரல் 1 அன்று. ஆந்திர மாநிலம் பிரிந்த 1953 வரை அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே வேலூரிலும் காஞ்சிபுரத்திலும் நடந்த சைக்கிள் நிர்வாகமே சித்தூரிலும் திருப்பதியிலும் நடந்தது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் வண்டிகளுக்கும் மாடு குதிரைகளுக்கும் வரி போடும் அதிகாரத்தை நகராட்சிகளுக்குத் தந்தது. சைக்கிளும் அந்த வரிக்குள் வந்தது. பணத்தைக் கட்டினால் எண் பொறித்த ஓர் உலோக வில்லை கிடைக்கும். அதைச் சைக்கிளில் பொருத்திக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாத சைக்கிளை நகராட்சி ஆள் நிறுத்துவார். இருட்டியபின் விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் நிறுத்துவார். மனிதக் கால் மிதித்து ஓடிய வண்டிக்கே இத்தனையும் இருந்தது. அந்த வில்லை வருமானத்துக்காக வந்தது, பாதுகாப்புக்காக அல்ல என்று சொல்வது சரிதான். ஆனால் வரிக்காகப் போட்ட எண் திருட்டையும் விபத்தையும் விசாரிக்கவும் உதவும். சில்லறை வருமானம்தானே என்று அந்த வரியை ஊர் ஊராகக் கைவிட்டபோது, கூடவே எண்ணும் போயிற்று.

மோட்டார் வண்டியின் கதை வேறு தடத்தில் ஓடியது. 1914இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 1939இல் அதனிடத்தில் விரிவான புதிய சட்டம் வந்தது. அந்த 1939 சட்டத்தின் மிகப் பெரிய காரியம், மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியதுதான். 1946 ஜூலை 1 முதல் அந்த அத்தியாயம் அமலுக்கு வந்தது. வண்டிக்காரர் ஏழையா பணக்காரரா என்பது முக்கியமல்ல, அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு கிடைக்க வேண்டும் என்பதே அதன் உள்ளர்த்தம். ஆனால் எல்லா இயந்திரத்தையும் மோட்டார் வாகனம் என்று சொல்லச் சட்டத்துக்கு மனமில்லை. நான்கு சக்கரத்துக்குக் குறைவான, 35 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட வண்டியை, அடுத்து வந்த 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கணக்கிலிருந்து விட்டது. 1994 திருத்தம் அந்த அளவை 25 சி.சி.யாகக் குறைத்தது. இந்தக் குறைப்பு கவனிக்க வேண்டியது. விட்டுக்கொடுத்த சலுகை அதிகம் என்று பாராளுமன்றமே ஒருமுறை உணர்ந்து பின்வாங்கியிருக்கிறது. 1972இல் வந்த லூனா மொபெட்டும் 1980இல் ஒசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50உம் இந்த விலக்குக்குள் வரவில்லை. 50 சி.சி. வண்டிக்கு 16 வயதில் லைசென்ஸ் என்ற தளர்வு மட்டுமே கிடைத்தது. எண் பலகையும் காப்பீடும் அவற்றுக்கும் உண்டு. மாம்பழக் கூடை கட்டிய டி.வி.எஸ். 50 சித்தூர்ச் சந்தைக்கு ஓடியது அந்த நிபந்தனைகளோடுதான்.

ஹெல்மெட் வரலாற்றில் ஆந்திரத்துக்குத் தனி இடம் உண்டு. 1964ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மோட்டார் வாகன விதிகளில் 498-ஏ என்ற விதி இரு சக்கர வண்டியோட்டிக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அது நடமாடும் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1988இல் தள்ளுபடியானது. தலையைக் காப்பதற்கான விதி சுதந்திரத்தைக் குறைப்பதாகாது என்பது தீர்ப்பின் சாரம். நாடு முழுக்க ஹெல்மெட் வழக்குகளில் இன்றும் சுட்டிக்காட்டப்படும் தீர்ப்பு இது. அதே மாநிலத்தில், அதே தெருவில், ஒரு வகை ஸ்கூட்டரில் போகிறவருக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது. தார் ரோட்டில் விழும் தலைக்கு வண்டியின் வாட் கணக்கு தெரியாது.

அந்த வாட் கணக்கு எப்போது வந்தது? மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2005இல் சேர்த்த ஏற்பாட்டின்படி, மோட்டாரின் அரைமணி நேர சக்தி 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் இருந்து, அதை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் சான்றளித்தால், அந்தப் பேட்டரி வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. வண்டியின் எடைக்கும் வரம்பு உண்டு: பேட்டரியை நீக்கினால் 60 கிலோ. காகிதத்தில் குறை சொல்ல முடியாத விதி. சித்தூர்ப் பக்கத்துத் தரையில் அதை வைத்துப் பாருங்கள். வண்டி, பேட்டரி, ஓட்டுபவர் மூன்றும் சேர்ந்து 160 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் சரிவில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏற, டயர் உராய்வையும் சேர்த்தால் ஏறக்குறைய 400 வாட் வேண்டும். மோட்டாரில் 250 கூட இல்லை. கொஞ்ச நேரம் மோட்டார் கூடுதலாக இழுக்கும். பிறகு சூடேறித் தளரும். பின்சீட்டில் மனைவியும் முன்னால் அரிசி மூட்டையும் ஏறினால் சொல்லவே வேண்டாம். சட்டப்படி விற்ற வண்டி, வாங்கியவரின் தேவைக்குப் போதாது. இந்த இடைவெளியில்தான் மெக்கானிக் வருகிறார். கண்ட்ரோலர் பெட்டியிலிருந்து வரும் ஒயர்க் கொத்தில் வேக வரம்புக்கென்றே ஒரு சிறிய ஜோடி ஒயர் பல மாடல்களில் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் வரம்பு போய்விடும். கண்ட்ரோலரையும் மோட்டாரையுமே மாற்றுவதும் உண்டு. 25இல் ஓடிய வண்டி 45இல் ஓடினால் மோதலின் ஆற்றல் மூன்று மடங்குக்கு மேல். பிரேக் மட்டும் பழைய பிரேக்.

வேகம் கூட்டிய அந்த நொடியிலேயே அது மோட்டார் வாகனமாகிவிடுகிறது. பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம். 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். ஓட்டியது சிறுவன் என்றால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. பிள்ளை டியூஷனுக்குப் போக லைசென்ஸ் வேண்டாத வண்டி என்று வாங்கிக் கொடுத்த அப்பாவுக்கு இது தெரியாது. விற்றவருக்குத் தெரியும்.

மாற்றம் செய்யாத வண்டியிலும் சிக்கல் தீரவில்லை. காணிப்பாக்கம் கோயில் வாசலில் ஒரு மூதாட்டியை அப்படிப்பட்ட ஸ்கூட்டர் இடித்து இடுப்பெலும்பு முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்துக்குத்தான் உரியது. இது மோட்டார் வாகனம் அல்ல. காப்பீடும் இல்லை. சாதாரண உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, ஓட்டியவரிடம் சொத்து இருந்தால் வசூலிக்கலாம். எண் இல்லாததால் இடித்துவிட்டு ஓடிய வண்டியை அடையாளம் காண்பதும் கடினம். 1946இல் மூடிய பள்ளத்தை 2005இன் விதி சிறிய அளவில் மறுபடி தோண்டியிருக்கிறது.

தீ விபத்து விஷயத்தில் அரசு இப்படித் தூங்கவில்லை. 2022 மார்ச்சில், சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து, புகையில் ஒரு தந்தையும் மகளும் மாண்டார்கள். அடுத்த மாதம் விஜயவாடாவில் வீட்டுக்குள் சார்ஜ் ஏறிய பேட்டரி வெடித்து ஒருவர் இறந்தார். நிபுணர் குழு அமைந்தது, பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 தரவிதி கடுமையாகி அவ்வாண்டு டிசம்பர் முதல் அமலுக்கு வந்தது. தீ செய்தியாகிறது, விதி பின்னாலேயே வருகிறது. எண்ணில்லாத வண்டி தட்டிவிட்டுப் போன இடுப்பெலும்பு செய்தியாவதில்லை. பதிவே இல்லாத வண்டி அரசின் வாகனப் பதிவேட்டிலும் இல்லை. ஆக, இந்த வண்டிகளில் எத்தனை ஓடுகின்றன என்ற எளிய கணக்கும் அந்தப் பதிவேட்டில் கிடைக்காது.

இதற்கு மறுப்பு வலுவாகவே இருக்கிறது. மெதுவாகப் போகிற வண்டி, பெட்ரோல் குடிக்காது, கல்லூரி மாணவியும் பூக்கடைக்காரரும் வாங்கக்கூடிய விலை, ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேற வைத்தால் அவர்கள் பழைய பெட்ரோல் வண்டிக்கே திரும்பிவிடுவார்கள் என்கிறார்கள். உண்மைதான். லைசென்ஸ் கட்டாயமாக்கச் சொல்லி நான் வாதாடவில்லை. எண்ணையும் காப்பீட்டையும் லைசென்ஸிலிருந்து பிரிக்கலாம். ஜெர்மனி 2019இல் நின்றபடி ஓட்டும் மின் ஸ்கூட்டருக்கு அதைத்தான் செய்தது: வேகம் 20 கி.மீ., வயது 14, லைசென்ஸ் வேண்டாம், ஆனால் எண்ணுள்ள காப்பீட்டு ஸ்டிக்கர் கட்டாயம். எதிர்க்கோடியில் பிரிட்டன். அங்கே தனியார் மின் ஸ்கூட்டர் மோட்டார் வாகனம்தான். அதற்குக் காப்பீடு எடுக்க வழியில்லை. எனவே பொதுச் சாலையில் சட்டவிரோதம். இருந்தும் மக்கள் ஓட்டுகிறார்கள். 2020 முதல் நடப்பது வாடகை வண்டிகளுக்கான சோதனைத் திட்டம் மட்டுமே. முழு விலக்கும் முழுத் தடையும் ஒரே இடத்தில் கொண்டுவிடுகின்றன: தெருவில் பெயரில்லாத வண்டி. சைக்கிளுக்கு இல்லாத நிபந்தனை இதற்கு ஏன் என்பார்கள். சைக்கிளுக்கு இருந்தது என்பதைத்தான் மேலே பார்த்தோம்; அதுவும் சைக்கிள்தான் ஏழையின் ஒரே வண்டியாக இருந்த காலத்தில்.

வண்டியை அளக்காமல் ஓட்டும் விதத்தை அளக்கும் முறைக்குத் திருமலையே சாட்சி. முதல் மலைச்சாலை 1944இல் திறந்தது, இரண்டாவது 1974இல். கீழே திருப்பதிக்கும் மேலே திருமலைக்கும் ஏறக்குறைய 700 மீட்டர் உயர வித்தியாசம். இந்தச் சாலையில் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தேவஸ்தானம் கண்டது கடிகாரம். நுழையும்போது சீட்டில் நேரம் பதிவாகும். ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம், அதற்கு முன்னால் மறுமுனை சேர்ந்தால் வேகமாக வந்ததாகப் பொருள். இறக்கத்துக்குக் கூடுதல் நேரம் வைத்ததில் மலையை அறிந்தவர்களின் புத்தி தெரிகிறது. 2023 ஆகஸ்டில் நடைபாதையில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்றபின், இரவில் இரு சக்கர வண்டிகளை மலையேற விடாமல் நிறுத்தினார்கள். சி.சி., வாட் என்று எதையும் கேட்கவில்லை. இது காவல் கதவுள்ள, நுழைவும் வெளியேற்றமும் இரண்டே முனையில் உள்ள சாலை. ஊர்த் தெருவுக்குப் பொருந்தாது என்று சொல்லலாம். நேரச் சீட்டு பொருந்தாதுதான். வண்டிக்கு அடையாளம் தருவது பொருந்தும்.

அந்த விதி மத்திய அரசினுடையது, மாநிலம் என்ன செய்ய முடியும் என்பது கடைசி ஆட்சேபம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 57ஆவது பதிவு, சாலையில் ஓடத்தக்க வாகனங்கள் மீதான வரியை மாநிலத்திடம் விடுகிறது. இயந்திர விசையால் இயங்கினாலும் இயங்காவிட்டாலும் சரி என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. பழைய சைக்கிள் வரி போன்றவை அடங்கும் இடமும் அதுதான். மோட்டார் வாகனம் அல்ல என்று மத்திய விதி ஒதுக்கிய ஸ்கூட்டர், இந்தப் பதிவிலிருந்து ஒதுங்க முடியாது. மின் வாகனங்களுக்கு வரி விலக்கு தருவதை 2018இலேயே கொள்கையாக அறிவித்த மாநிலம், ஒரு ரூபாய் வரியை வைத்து எண்ணைத் தருவதில் கொள்கை முரண் எதுவும் இல்லை. விற்கும் கடையிலேயே சான்றிதழைப் பார்த்து, எண்ணை ஒட்டி, வாங்குபவரின் பெயரை மாநகராட்சிப் பதிவேட்டில் ஏற்றலாம். திருப்பதிக்கு 1886இலேயே நகராட்சி வந்துவிட்டது. இந்த வேலை அதற்குப் புதிதல்ல. காப்பீட்டை மட்டும் டில்லிதான் தர வேண்டும். 35ஐ 25 ஆக்க அங்கே ஒரு திருத்தம் போதுமானதாக இருந்தது.