கிருமி எப்படிப் பரவும்? கணினியிடம் கேட்கலாமா?

"பள்ளிக்கூடத்தை மூடினா போதுமா? எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்யணுமா?"

2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கும்.

நிஜ மனிதர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் ஆய்வாளர்கள் கணினிக்குள் ஒரு சிங்கப்பூரை உருவாக்கிப் பார்த்தார்கள்.

அடிப்படை என்ன?

யோசனை பழையது. 1927இல் கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள் மக்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள்: இன்னும் நோய் தொற்றாதவர்கள், நோயுற்றவர்கள், நோயிலிருந்து மீண்டவர்கள் அல்லது மாண்டவர்கள். ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு எவ்வளவு வேகமாக ஆள் நகர்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

இன்றைய கணினி ஒவ்வொருவரையும் தனித்தனியாகவே பார்க்கும். அவருக்கு ஒரு வீடு, ஒரு வேலையிடம், ஒரு பள்ளி. யார் யாரைச் சந்திக்கிறார், கிருமி யாருக்குத் தொற்றுகிறது என்று நாள்தோறும் கணக்குப் போடும்.

ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்கு?

இதுதான் முக்கியமான எண். ஒருவர் இரண்டு பேருக்குப் பரப்பினால், அது நாலாகும், எட்டாகும். பத்தாவது சுற்றில் மட்டும் புதிதாக 1,024 பேர்! அந்த எண் 1க்குக் கீழே இறங்கினால் பரவல் தானாக அடங்கும்.

சிங்கப்பூர் ஆய்வு என்ன சொன்னது?

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஆய்வு 2020 மார்ச் மாதம் வெளியானது. 80 நாளில் என்ன ஆகும் என்று அது கணித்தது.

எதுவும் செய்யாமல் இருந்தால்:
- ஒருவர் சராசரியாக 1.5 பேருக்குப் பரப்பினால் சுமார் 279,000 பேருக்குத் தொற்றும்
- 2.5 பேருக்குப் பரப்பினால் சுமார் 1.2 மில்லியன் பேருக்குத் தொற்றும்

நோயாளிகளைத் தனிமைப்படுத்துவது, பள்ளிகளை மூடுவது, வேலையிடத்தில் ஆள்களைக் குறைப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தால் முதல் நிலையில் தொற்று 99.3 விழுக்காடு குறையும். இரண்டாவதில் 78.2 விழுக்காடுதான். நடவடிக்கை ஒன்றே, ஆனால் கிருமியின் வேகத்தைப் பொறுத்துப் பலன் மாறுகிறது.

அப்போ இது ஜோசியமா?

இல்லை. "இப்படிச் செய்தால் இப்படி ஆகலாம்" என்பது மட்டுமே. எச்சரிக்கையைக் கேட்டு நாம் நடந்துகொண்டால், பயமுறுத்திய எண் வராமலேயே போகலாம். அதற்காக "கணிப்பு பொய்யாயிடுச்சு" என்று சொல்லிவிட முடியாது.

கணினி யாரைப் பார்க்கவில்லை?

அந்த ஆய்வின் கணினி ஊரில் இருந்தவர்கள் ஏறக்குறைய 3.77 மில்லியன் பேர். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்கள், நிரந்தரவாசிகள் ஆகியோரின் எண்ணிக்கை அது.

ஏப்ரலில் பரவல் வெடித்தது வேறு இடத்தில்: வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில். பங்களாதேஷிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள் உட்பட, சுமார் 323,000 ஊழியர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். ஒரே அறையில் பலர் படுக்கை, பொதுவான சமையலறை, பொதுவான கழிவறை. நாலு பேர் வசிக்கும் வீட்டுக்குப் போட்ட கணக்கு அங்கே எப்படிப் பொருந்தும்?

அவர்களில் 47 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே கிருமி தொற்றியிருந்ததாக அந்த ஆண்டு டிசம்பரில் அதிகாரிகள் தெரிவித்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர்!

கணக்கு தப்பில்லை. கணக்கில் எடுத்துக்கொண்ட ஆள்களின் பட்டியல்தான் முழுமையாக இல்லை.

நீங்கள் என்ன கவனிக்கலாம்?

அடுத்த முறை "இத்தனை பேர் பாதிக்கப்படலாம்" என்ற செய்தியைப் படிக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்:

- எதை வைத்து இந்த எண் வந்தது?
- இதில் யாரெல்லாம் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்?

நம் பக்கத்தில் கட்டடம் கட்டுபவரும் அந்தக் கணக்கில் இருக்கிறாரா என்று பாருங்கள். கிருமி ஆள் பார்த்துத் தொற்றுவதில்லை.