இசைத்தட்டின் இலக்கமும் பாட்டின் இலக்கமும்

1902 ஆம் ஆண்டு கல்கத்தாவில், பிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளரின் கூம்புக் குழல் முன்னே நின்று கௌஹர் ஜான் பாடினார். சில நிமிடங்களில் பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறினார். இன்று அத்தட்டைக் கேட்போர் அதனைக் கலைஞரின் செருக்கு என எண்ணி நகைப்பதுண்டு. உண்மையில் அஃது ஓர் அடையாளக் குறி. பதிவான தட்டுக்கள் கப்பலேறி ஜேர்மனியின் ஹனோவர் நகரத் தொழிற்சாலையை அடைந்தன. அங்குள்ள தொழிலாளர் பாடகரையும் அறியார். பாட்டின் மொழியையும் அறியார். எத்தட்டுக்கு எவர் பெயரை இடுவது என்பதை அக்குரலே உணர்த்திற்று.

குரலினும் உறுதியானது இலக்கம். மூலத்தட்டிற் கீறப்பட்ட இலக்கம் வார்ப்பிலும் படிந்து, விற்பனைத் தட்டின் நடுப்பகுதியிலும் தெரிந்தது. ஆயினும் அவ்விலக்கம் சுட்டியது பதிவை மட்டுமே. பாட்டை இயற்றியவரைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

இயற்றியவரின் வழக்கு அதற்கு முன்பே வேறோரிடத்தில் தொடங்கியிருந்தது. 1847 இல் பாரிஸ் நகரத்துக் கோப்பிச்சாலை ஒன்றில், ஏர்னஸ்ட் பூர்ஜே என்னும் பாட்டாசிரியர் தாம் அருந்திய சர்க்கரைத் தண்ணீருக்குக் காசு கொடுக்க மறுத்தார். தம் பாட்டை அவர்கள் இலவசமாக இசைக்கும்போது தண்ணீருக்கு மட்டும் விலை ஏன் என்பது அவர் வாதம். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1851 இல் ‘சாசெம்’ என்னும் ஆக்கியோர் சங்கம் பிறந்தது.

பதிவும் பாட்டும் நெடுங்காலம் தனித்தனி வழியே சென்றன. 1986 இல் வெளியான அனைத்துலகத் தரவிதி, ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் பன்னிரண்டு உறுப்புக் குறியை வகுத்தது. பதிவின் உரிமை கைமாறினும் குறி மாறாது. அதே பாடகர் அதே பாட்டை மீண்டும் பதிந்தாற் புதுக்குறி வேண்டும். பாட்டுக்குரிய ஐ.எஸ்.டபிள்யூ.சி. குறியோ ‘டீ’ என்னும் உரோம எழுத்து, ஒன்பது இலக்கங்கள், இறுதியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் என அமைந்தது. முதற்குறி 1995 இல் சுவீடனின் அபா குழுவினரது ‘டான்சிங் குவீன்’ பாட்டுக்குக் கிடைத்தது. தரவிதி 2001 இலேயே வந்தது. பாடுவோனுக்குப் பின்னேதான் பாட்டெழுதியோன் நினைவுக்கு வந்தான் போலும்! ஒரு பாட்டை நூறு பேர் பாடிப் பதிந்தால் முதலாவது குறி நூறு, இரண்டாவது ஒன்றே.

இவ்விரண்டையும் பிணைப்பதே பெருந்தொல்லை. பதிவுக்குறி தட்டு வெளிவருமுன்னரே இடப்படும். பாட்டின் குறியோ ஆக்கியோர் யாவரும் இன்னாரெனத் தெரிந்த பின்னரே வழங்கப்படும். 2018 இன் அமெரிக்கச் சட்டப்படி அமைந்த உரிமப்பணச் சபையிடம், 2021 பெப்ரவரியில், இணையவழி இசை நிறுவனங்கள் 42 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையை ஒப்படைத்தன. பாட்டுக்கள் ஒலித்திருந்தன, எத்தனை முறை ஒலித்தன என்பதும் கணக்கில் இருந்தது. ஆக்கியோர் எவரெனப் பொருந்தாமையாற் பணம் தேங்கிக் கிடந்தது.