பாபிலோனிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு நிலாக் கணக்கு

தினசரி காலண்டரில் தாளைக் கிழித்ததும் பலருடைய கண் முதலில் போகிற இடம் 'இன்று சந்திராஷ்டமம்' என்ற வரிதான். நம் நட்சத்திரம் அதில் இல்லையென்றால் நிம்மதி. இருந்துவிட்டால் அன்றைக்குப் புது வண்டி எடுக்க மாட்டோம், சம்பள உயர்வு கேட்டு முதலாளி அறைக்கும் போக மாட்டோம். அந்த ஒரு வரியை அச்சிட, நிலா அன்று வானத்தில் எங்கே நிற்கும் என்று யாரோ முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கம் கணிப்பவர்களிடம் அதற்கென்று ஒரு பழைய எண் உண்டு: 248. அதன் வயது இரண்டாயிரத்துக்கும் மேல். பிறந்த இடம் இன்றைய ஈராக். அது எங்கெல்லாம் அலைந்தது என்று பின்னாளில் துருவியவர்களுக்கு நல்ல துப்பு கிடைத்த ஊர் புதுச்சேரி.

அது என்ன 248? நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமியை நெருங்கும்போது நாளொன்றுக்கு 15 பாகைக்குச் சற்று மேலே போகும்; விலகும்போது 12 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். மந்தமாகி, விரைந்து, மறுபடி மந்தமாவதற்கு 27 நாளும் அரை நாளுக்குக் கொஞ்சம் கூடுதலும் ஆகிறது. அந்தக் கொசுறுதான் தலைவலி. ஆனால் இப்படிப்பட்ட ஒன்பது சுற்றுகளைச் சேர்த்தால் ஏறக்குறையச் சரியாக 248 நாள் வருகிறது. கால் மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. ஆக, 248 நாளுக்கு நிலாவின் ஓட்டத்தை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் போதும். 249-ஆம் நாள் பட்டியலைத் திரும்ப முதலிலிருந்து படிக்கலாம். இன்னும் சுத்தமாக வேண்டுமா? 110 சுற்றுகளைச் சேர்த்தால் 3031 நாள். இதில் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியால் எழுதியவர்கள். அலெக்சாண்டரின் தளபதி செலூக்கஸின் வம்சம் ஆண்ட காலத்தில், பாபிலோனிலும் உருக்கிலும் கோயில்களை ஒட்டி வாழ்ந்த எழுத்தர்கள் நிலாவின் வேகத்தைப் பட்டியல் போட்டார்கள். வேகம் நாளுக்கு 18 கலை (பாகையின் சிறு கூறு) வீதம் ஏறும். உச்சியைத் தொட்டதும் அதே வீதத்தில் இறங்கும். வட்டம், கோளம் என்று எதையும் அவர்கள் வரையவில்லை. கூட்டலும் கழித்தலும்தான்.

கிரேக்கர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் ஜெமினோஸ் என்பவர் எழுதிய வானியல் பாடநூலில் அந்த 18 கலையும், அதன் மேல் எல்லையும் கீழ் எல்லையும் பிசகாமல் இருக்கின்றன. பிறகு தாலமி வந்தார். வட்டத்துக்குள் வட்டம் போட்டு நிலாவின் ஓட்டத்தை வடிவியலாக விளக்கினார். படித்தவர்கள் எல்லாரும் அவர் பக்கம் சாய்ந்ததும் பழைய கூட்டல் கழித்தல் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. ஜாதகம் எழுதிப் பிழைப்பவருக்கு வடிவியல் எதற்கு? நிலா எந்த ராசியில் என்று சட்டென்று தெரிந்தால் சரி. எகிப்தில் கிடைத்து இன்று மான்செஸ்டரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும் 3-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்றில், தாலமிக்கு நூறு வருஷம் கழித்தும், 248-உம் 3031-உம் ஜோடியாக உட்கார்ந்திருக்கின்றன.

அதே நூற்றாண்டுகளில் எகிப்திலிருந்து கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து மிளகுக்கும் மணிகளுக்கும் நம் கரைக்கு வந்துகொண்டிருந்தன. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மது ஜாடிகளின் துண்டுகளும் இத்தாலியச் சிவப்புக் கிண்ணங்களும் வந்தன. ஜாடியோடு 248-உம் அங்கேதான் இறங்கியது என்று எழுதிவிட எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் எண்கள் ஓடு விட்டுப் போவதில்லை. அது இந்திய மண்ணில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும் இடம் 6-ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர். பழைய ஐந்து சித்தாந்தங்களைத் தொகுத்த அவருடைய பஞ்சசித்தாந்திகையில் வசிஷ்டரின் பெயரிலான பகுதியில் இரண்டு எண்களும் இருக்கின்றன. பக்கத்திலேயே 'ரோமகம்' என்று பெயர் வைத்த ஒரு சித்தாந்தமும் இருப்பதால், கடல் தாண்டி வந்த சரக்கு என்பதை அவர் ஒளிக்கவில்லை என்றே கொள்ளலாம்.

வடக்கே இந்தக் கணக்கு மெல்ல ஓரம் கட்டப்பட்டது. தெற்கே அதற்குப் புது உடம்பு கிடைத்தது. கேரளத்தில் வரருசி என்பவரின் பெயரில் வழங்கும் முறையில், 248 நாளுக்கும் நிலா இருக்கும் இடம் 248 சிறு வாக்கியங்களாக மாற்றப்பட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம். வாக்கியத்தைப் பின்னாலிருந்து எண்ணாகப் படித்தால் ராசி, பாகை, கலை வந்துவிடும். 'தேவர' என்பதில் த எட்டு, வ நான்கு, ர இரண்டு. திருப்பிப் போட்டால் 248. 'கலாநில' என்றால் 3031. ஓலை செல்லரிக்கலாம், தீப்பிடிக்கலாம். சின்ன வயதில் நெட்டுருப் போட்டது போகாது. வாக்கியப் பஞ்சாங்கத்தின் 'வாக்கியம்' இதுதான்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தமிழகத்தில் எழுந்த வாக்கியகரணம் இன்னும் ஒரு படி போனது. கலியுகம் பிறந்து 1600984-ஆம் நாளை, அதாவது கி.பி. 1282இல் வரும் ஒரு நாளை, தொடக்கமாக வைத்தது. 12372 என்ற பெரிய சுழற்சியையும் சேர்த்துக்கொண்டது. நான்கு 3031-உம் ஒரு 248-உம் சேர்ந்ததுதான் அது. கேரளத்தில் சங்கமகிராம மாதவன் 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் பழைய வாக்கியங்களைக் கலையினும் நுண்ணிய விகலை வரை திருத்திப் புதிதாகவே இயற்றினார். கணிதத்தில் அவர் மேதை. ஆனால் நம் கதைக்கு மேதைகளைவிட ஒப்பிப்பவர்கள்தான் உதவினார்கள்.

இப்போது பாரிஸ். 1760இல் குய்யோம் லெ ஜாந்தி என்ற வானியலாளர் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். 1761 ஜூன் 6 அன்று சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கடந்து போகும். அதைப் பல ஊர்களிலிருந்து அளந்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று தெரியும். மாஹே அருகே வந்தபோதுதான் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்ட சேதி எட்டியது. கப்பல் திரும்பிவிட்டது. ஆடும் கப்பல் தளத்தில் நின்று சுக்கிரனைப் பார்த்தார். அளவு எடுக்க வழியில்லை. அடுத்த கடப்பு எட்டு வருஷம் கழித்து. அதைத் தவறவிட்டால் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். அதுவரை மனிதர் ஊர் திரும்பவே இல்லை.

1768 மார்ச்சில், பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியிருந்த புதுச்சேரியில் இறங்கினார். ஆளுநர் லா த லொரிஸ்தோன் அவரை வரவேற்றார். பிரான்ஸின் கஜானாவையே கவிழ்த்த நிதி வித்தகர் ஜான் லாவின் தம்பி மகன் இவர். ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய கோட்டையின் இடிபாடுகள் மேல் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. நல்ல தொலைநோக்கி ஒன்றைச் சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே இரவல் கொடுத்தார்கள். மே மாதம் முழுக்க வானம் பளிச். 1769 ஜூன் 4 விடியற்காலையில் மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்ததும் வெயில் அடித்தது. முன்பு அவர் தங்கியிருந்த மணிலாவில் அன்று வானம் துல்லியம்.

காத்திருந்த மாதங்களில் லெ ஜாந்தி வேறொரு வேலையில் இறங்கியிருந்தார். உள்ளூர்த் தமிழர்கள் கிரகணம் கணிப்பதைக் கேள்விப்பட்டு, கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை. தரையில் சோழிகள், வாயில் வாக்கியங்கள். சோழி மாலத்தீவுக் கடலில் விளைந்து வங்காளத்தில் காசாகவும் இங்கே பல்லாங்குழியிலும் புழங்கிய அதே சோழிதான். அந்த முறையை அவர் சோதித்தும் பார்த்தார். 1765-ஆம் ஆண்டின் சந்திர கிரகணம் ஒன்று எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று தமிழர் கணக்கு சொன்னது 41 விநாடி குறைச்சல். ஐரோப்பாவில் அப்போது சிறந்ததென்று பெயர் வாங்கிய டோபியஸ் மேயரின் பட்டியல் சொன்னது 68 விநாடி அதிகம். ஒரு கிரகணத்தை வைத்து வெற்றி தோல்வி சொல்வது நியாயமில்லை; ஆனாலும் பாரிஸில் இதைப் படித்தவர்கள் நாற்காலியில் நிமிர்ந்திருப்பார்கள்.

அதே லெ ஜாந்திதான் வீராம்பட்டினம் பக்கம் ஜனங்கள் ஆற்றங்கரையிலிருந்து பெரிய பழஞ்செங்கற்களைப் பெயர்த்துப் போவதையும் எழுதி வைத்தார். அது அரிக்கமேடு. அரிக்கமேட்டுச் செங்கல்லை ஒரு பக்கத்திலும் பாபிலோனிய எண்ணை இன்னொரு பக்கத்திலும் குறித்துக்கொண்டு, இரண்டுமே என்னவென்று தெரியாமல் 1771இல் ஊர் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் செத்துவிட்டதாக முடிவு கட்டி, உறவினர்கள் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். பாரிஸின் அறிவியல் அகாதெமியில் அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் கொண்டுபோன பட்டியல்களைப் பாரிஸ்காரர்கள் 'தீர்வலூர்' பட்டியல் என்றார்கள். நாகப்பட்டினத்துக்கு மேற்கே உள்ள ஊர் என்று அடையாளம் சொல்வதால் அது நம் திருவாரூராகத்தான் இருக்க வேண்டும். ஜான் சில்வைன் பாயி என்பவர் அதை வைத்து 1787இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். கலி பிறந்த கி.மு. 3102இல் இந்தியர்கள் நேரில் வானத்தைப் பார்த்து எழுதிய கணக்கு இது என்பது அவர் வாதம். எடின்பரோவில் ஜான் பிளேஃபேர் அதை ஆமோதித்தார். பாயி பிறகு பாரிஸின் முதல் மேயரானார். 1793இல் கில்லட்டினில் தலை போனது. வாதம் அவருக்குப் பின் வெகுநாள் நிற்கவில்லை.

அடுத்தவர் ஜான் வாரன். அயர்லாந்து வம்சம், பிரெஞ்சுக் குடும்பம், ஆங்கிலேயப் படையில் உத்தியோகம். கோலாரில் தங்கம் கிடைப்பதை 1802இல் அறிக்கையாக எழுதியவரும் இவரே. சென்னை வானாய்வகத்தைச் சில வருஷம் கவனித்துக்கொண்டவர், கடைசியில் புதுச்சேரியில் வந்து தங்கினார். 1825இல் சென்னையில் அச்சான அவருடைய 'கால சங்கலிதம்' நூலில் ஒரு புதுச்சேரிக்காரர் வருகிறார்: பஞ்சாங்கம் கணிப்பவர், வாரனின் எழுத்துக்கூட்டலில் 'சாமி நாதென் சாஷியா'. சாமிநாத சேஷய்யா என்று நாம் வைத்துக்கொள்ளலாம். 1825 மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தை அவர் வாரன் எதிரில் தரையில் சோழி பரப்பிக் கணித்துக் காட்டினார்.

கணக்கின் முதல் படியை நாமே போட்டுப் பார்க்கலாம். மே 31, செவ்வாய்க்கிழமை, கலி பிறந்து 1799312 நாள் கழிந்திருந்தன. அதில் 1600984-ஐக் கழித்தால் 198328. அதில் 12372 பதினாறு முறை போக மீதி 376. அதில் 3031 அடங்காது. 248 ஒரு முறை போக மீதி 128. அவ்வளவுதான்: 128-ஆம் வாக்கியத்தைச் சொன்னால் நிலாவின் ஓட்டம் வந்துவிடும். கழித்த சுழற்சிகளுக்கான பாகைகளையும் தொடக்க நாளின் பாகையையும் கூட்டிக்கொண்டால் அன்றைய இடம். கணினிக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்கிடாமல் முன்பே போட்டுவைத்த அட்டவணையிலிருந்து விடையை எடுப்பார்களே, அதேதான். இங்கே அட்டவணை மண்டைக்குள் இருந்தது.

கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம். நடு நேரத்தில் 23, முடியும் நேரத்தில் 52. ஐந்தரை நூற்றாண்டுக்கு முன் குறித்த நாளிலிருந்து எண்ணி வந்தவருக்கு இது மோசமில்லை. ஆனால் வாரனுக்கு ஆச்சரியம் வேறு: கணித்துக் காட்டியவருக்கு இந்த வானியலின் தத்துவம் ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை, அசாத்திய ஞாபகசக்தி மட்டும் இருந்தது என்று எழுதுகிறார். கொஞ்சம் இளக்காரம் அதில் தொனிக்கிறது. எனக்கென்னவோ அந்த அறியாமைதான் நமக்குக் கிடைத்த பெரும் வரவு. விஷயம் புரிந்தவர் கை சும்மா இருக்காது. தாலமி மாற்றினார், மாதவன் மாற்றினார். புரியாதவர் தாத்தா சொன்னதை எழுத்துப் பிசகாமல் சொல்வார். சேஷய்யா ஓரிடத்தில் புத்திசாலித்தனத்தைக் காட்டியிருந்தால் தடயம் அங்கேயே அழிந்திருக்கும்.

தடயத்தைப் பிடித்தவர் ஆட்டோ நாய்கபாவர். ஆஸ்திரியாவில் பிறந்து, நாஜிகளால் ஜெர்மனியை விட்டுக் கிளம்பி, அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து களிமண் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தவர். பலகையில் 248. ரைலண்ட்ஸ் பாப்பிரஸில் 248. வராகமிகிரரில் 248. வாரனைப் புரட்டினால் புதுச்சேரியிலும் 248. 1952இல் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார். செலூக்க காலத்துக் கணக்கு 19-ஆம் நூற்றாண்டில் உயிருள்ள ஒரு மனிதரிடம் இயங்கியதை அதில் எடுத்துக் காட்டினார். பத்து வருஷம் கழித்து, 1962இல், டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் வாக்கியகரணத்தைச் சென்னையில் பதிப்பித்தார்கள்.

பாம்புப் பஞ்சாங்கம் இன்றும் வாக்கியம்தான். எதிர்க்கட்சி திருக்கணிதம், தற்கால வானியலோடு ஒத்துப்போவது. நிலாவில் இரண்டுக்கும் சண்டை சில நாழிகைகள். சனிக்கான வாக்கியங்கள் வேறு. அங்கே வித்தியாசம் மாதக்கணக்கில் போகும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில், காரைக்காலை அடுத்த திருநள்ளாறு வாக்கியத்தின் பக்கம். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17 அன்றே கும்பத்துக்குப் போய்விட்ட சனிக்கு அங்கே பெயர்ச்சி விழா நடந்தது டிசம்பர் 20 அன்று. 2025 மார்ச் 29இல் சனி மீனத்துக்குப் போகிறார் என்று தொலைக்காட்சிகள் பரபரத்தபோது, எங்களுக்கு வாக்கியம்தான், பெயர்ச்சி 2026இல்தான் என்று கோயில் நிர்வாகம் அறிவித்துவிட்டது.