ஒரு விளம்பரத்துக்காகப் பிறந்த மையம்

லூயிஸ் எங்கல் பத்திரிகை உலகத்திலிருந்து மெரில் லிஞ்ச் தரகு நிறுவனத்துக்கு வந்தவர். அங்கே விளம்பரம் அவர் பொறுப்பு. 1948ல் நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப் பக்கத்தை வாங்கி, பங்கு என்றால் என்ன, பாண்டு என்றால் என்ன என்று ஆறாயிரம் சொற்களுக்கு மேல் நெருக்க அச்சில் விளக்கியிருந்தார். 1929 வீழ்ச்சியில் சூடுபட்ட குடும்பங்களை மறுபடி பங்குச்சந்தைப் பக்கம் திருப்புவதுதான் நிறுவனத்தின் நோக்கம். 1960 வாக்கில் அவருக்கு ஒரே ஓர் எண் தேவைப்பட்டது. சாதாரணப் பங்குகளில் பணம் போட்டவர்களுக்கு வருஷத்துக்கு எத்தனை சதவீதம் கிடைத்திருக்கிறது? ஆதாரம் இல்லாமல் இதை அச்சிட்டால் பங்குச்சந்தை ஆணையம் சும்மா விடாது. (நம் ஊரில் மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் மூச்சு விடாமல் ஓட்டிவிடும் எச்சரிக்கைக்கும் இதே பயம்தான் காரணம்.)

எங்கல் சிகாகோ பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் இருந்த ஜேம்ஸ் லோரியைத் தொலைபேசியில் பிடித்தார். லோரிக்குப் பதில் தெரியாது. ஆனால் பணம் கொடுத்தால் கண்டுபிடிக்கலாம் என்று தெரியும். மெரில் லிஞ்ச் 50,000 டாலர் கொடுத்தது. 1960 மார்ச்சில் ‘பங்கு விலை ஆராய்ச்சி மையம்’ பிறந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, இன்று நிதிப் பொருளாதாரம் படிக்கும் எல்லோருக்கும் இது ‘கிரிஸ்ப்’.

லோரி பங்குச்சந்தையே கதி என்று கிடந்தவர் அல்ல. ஹாரி ராபர்ட்ஸுடன் சேர்ந்து 1951ல் அவர் எழுதிய பாடநூல் சந்தைப்படுத்தல் ஆய்வைப் பற்றியது. ஆள் பிடிப்பது, பணம் புரட்டுவது, கேட்பவரைச் சம்மதிக்க வைப்பது, இவையே அவருடைய பலம். கணக்கு வேலையை அவர் லாரன்ஸ் ஃபிஷரிடம் ஒப்படைத்தார். மையத்தின் உண்மையான அஸ்திவாரம் ஃபிஷர்தான் என்பது என் கட்சி.

நியூயார்க் பங்குச்சந்தையில் 1926 முதல் 1960 வரை பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு சாதாரணப் பங்குக்கும் மாதக் கடைசி விலை வேண்டும். 35 வருஷம், அதாவது 420 மாதம். 1926ல் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. வீழ்ச்சிக்கு முந்தைய செழிப்பும் கணக்கில் வர வேண்டும். இல்லாவிட்டால் அடிமட்டத்தில் தொடங்கி ஆஹா என்று காட்டியதாகப் பேச்சு வரும். பொருளாதார ஆய்வாளர் கௌல்ஸ் 1938ல் வெளியிட்ட பங்குக் குறியீடுகள் 1871 வரை பின்னோக்கிப் போயின என்றாலும், ஒவ்வொரு பங்கையும் தனித்தனியே, கணினியில் ஏற்றும்படி யாரும் தொகுத்திருக்கவில்லை.

விலையைப் பழைய ஏடுகளிலிருந்து எடுத்து எழுதுவது சுலபமான பாதி. நூறு டாலர் பங்கை நிறுவனம் இரண்டாகப் பிரித்தால் மறுநாள் விலை ஐம்பது. பிரித்த விஷயத்தைச் சொல்லாவிட்டால், முதலீட்டாளர் பாதிச் சொத்தை இழந்துவிட்டார் என்று கணினி எழுதிவிடும். போனஸ் பங்கு, உரிமைப் பங்கு, இரண்டு நிறுவனங்கள் ஒன்றாவது, ஒன்று மூன்றாகப் பிரிவது என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. டிவிடெண்டாவது ஒழுங்காக வந்ததா என்றால் அதுவும் இல்லை. 1933ல் நேஷனல் டிஸ்டில்லர்ஸ் தன் பங்குதாரர்களுக்குப் பணத்துக்குப் பதிலாக விஸ்கிக்கான கிடங்குச் சீட்டுகளைக் கொடுத்தது. இந்த மாதிரிச் சமாசாரங்களுக்கும் ஒரு டாலர் மதிப்புப் போட்டால்தான் வருமான விகிதம் வெளியே வரும்.

திவாலான நிறுவனங்களை விட்டுவிடக் கூடாது என்பது இதைவிடப் பெரிய விஷயம். பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தச் சந்தையும் அழகாகத்தான் தெரியும்.

கொடுத்த பணம் பற்றவில்லை. வேலை 1963 வரை இழுத்தது. 1964 ஜனவரியில் ஃபிஷரும் லோரியும் முடிவை வெளியிட்டார்கள்: வரி இல்லாமல், டிவிடெண்டை மறுமுதலீடு செய்திருந்தால், 35 வருஷத்துக்கு ஆண்டுக்கு 9 சதவீதக் கூட்டு வருமானம். எங்கலுக்கு விளம்பரம் கிடைத்துவிட்டது. ஃபிஷர் அதோடு விடவில்லை. எந்த மாதம் வாங்கி எந்த மாதம் விற்றாலும் என்ன ஆகியிருக்கும் என்று ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்ட வாங்கல் விற்றல் சேர்க்கைகளை ஓட்டிப் பார்த்து 1965ல் எழுதினார்; நூற்றுக்கு 78 லாபத்தில் முடிந்தன.

தரவுக் கோப்பு இருக்கிறது, பயன்படுத்த ஆள் வேண்டுமே. பங்குப் பிரிப்பை வைத்து ஓர் ஆய்வு செய்யலாம் என்று லோரி அதே பள்ளியில் இருந்த யூஜின் ஃபாமாவிடம் யோசனை சொன்னார். ஃபாமா, ஃபிஷர், ஜென்சன், ரோல் நால்வரும் 1969ல் வெளியிட்ட அந்தக் கட்டுரை, ஒரு செய்தி வந்தால் விலை எவ்வளவு சீக்கிரம் அதை உள்வாங்குகிறது என்பதை அளக்கும் முறைக்கு வழிகாட்டியாகிவிட்டது. ஃபாமாவுக்கு 2013ல் நோபல் பரிசு கிடைத்தது. தரவைத் துப்புரவு செய்தவருக்கு அப்படிப் பரிசு எதுவும் இல்லை.

எழுபதுகளில் மைரன் ஷோல்ஸ் மையத்தோடு சேர்ந்து உழைத்தபோது தினசரி விலைக் கோப்பு உருவானது. அடுத்துப் பொறுப்பில் இருந்த ரோஜர் இபட்சன், பங்கு, பாண்டு, பணவீக்கம் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டி ஏற்கெனவே பெயர் வாங்கியவர். ஆய்வாளர் ரால்ஃப் பான்ஸ் இதே கோப்பில் சிறு நிறுவனங்களின் வருமானம் கூடுதல் என்று கண்டார்; டேவிட் பூத்தும் ரெக்ஸ் சின்க்ஃபீல்டும் 1981ல் அதை நம்பி ஒரு முதலீட்டு நிறுவனமே தொடங்கினார்கள். அந்த பூத் 2008ல் 30 கோடி டாலர் கொடுக்க, வணிகப் பள்ளிக்கு அவர் பெயர் வந்தது.

கோப்பில் ஓட்டை இல்லாமலும் இல்லை. பட்டியலிலிருந்து தள்ளப்பட்ட பல பங்குகளுக்குக் கடைசி வருமானம் பதிவாகவே இல்லை என்று நிதி ஆய்வாளர் டைலர் ஷம்வே 1997ல் காட்டினார். சராசரியாக 30 சதவீத அளவுக்கு நஷ்டம் அங்கே ஒளிந்திருந்தது. மையம் விடுபட்டதைத் தேடி நிரப்ப வேண்டியதாயிற்று. செத்த நிறுவனத்தின் கடைசி விலை யாருக்கும் விளம்பரத்துக்கு உதவாது என்றாலும், வருமானக் கணக்கு நேர்மையாக இருக்க அதுதான் வேண்டும்.

2012ல் முதலீட்டு நிறுவனமான வான்கார்ட் தன் பெரிய குறியீட்டு நிதிகள் பலவற்றை மையத்தின் குறியீடுகளுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. 2025 செப்டம்பரில் மையத்தையே 37.5 கோடி டாலருக்கு வாங்குவதாக முதலீட்டுத் தரவு நிறுவனமான மார்னிங்ஸ்டார் அறிவித்தது. அதுவும் சிகாகோ நிறுவனம்தான். இபட்சன் தொடங்கிய ஆலோசனை நிறுவனத்தை 2006லேயே வாங்கி வைத்திருந்தது.