நரம்பு என்னும் சொல்

'நரம்பு ஊசி போட வேண்டும்' என்று தாதி சொல்லும்பொழுது, அந்த ஊசி நுழைவது இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைக்குள்ளேதானே ஒழிய, சரீர சாஸ்திரம் இன்று நரம்பென்று வரையறுக்கும் உறுப்புக்குள் அன்று என்பதும், அப்படியிருந்தும் நோயாளியோ வைத்தியரோ அந்தப் பிரயோகத்தால் மயங்குவதில்லை என்பதும், இச்சொல்லின் சரித்திரத்தை விசாரிக்கப் புகுவோர் முதலில் கருத வேண்டியவை.

பழந்தமிழில், உடம்பில் கயிறு போல ஓடுவது எதுவாயினும் நரம்புதான். புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவளின் தோளில் புடைத்து நிற்பது நரம்பு; செங்கோட்டியாழில் 7, பேரியாழில் 21 என்று பாணர் கட்டி மீட்டியதும் நரம்பு; அதில் பிறந்த இசைச்சுரங்களும், கருவியின் பெயர் காரியத்துக்கு ஏறி, நரம்பென்றே வழங்கின. 'நாக்கிலே நரம்பில்லாமல் பேசுகிறான்' என்று வைவோரிடம் உடற்கூற்று நூலார் சண்டைக்கு வரலாம். ஏனெனில், மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளில் நான்கேனும் நாக்குக்கு வந்து சேர்கின்றன. வைபவர் கருதியது உணர்ச்சியைச் சுமக்கும் நரம்பையன்று, இழுத்துப் பிடிக்கும் நாணையே என்று கொண்டால் வழக்குத் தீர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

கிரேக்கரும் இவ்வாறே தசைநாணையும் வில்நாணையும் இசைக்கருவியின் தந்தியையும் 'நியூரோன்' என்ற ஒரே பெயரால் அழைத்தனர். லத்தீனின் 'நெர்வஸ்', வடமொழியின் 'ஸ்நாயு' ஆகியவை அதன் உறவுச் சொற்கள். ஒலியைக் கேட்டு நரம்பையும் அக்குடும்பத்தில் சேர்க்க ஆசை எழுவது இயல்பே. ஆனால் மலையாளத்து ஞரம்பும் தெலுங்கின் நரமும் கன்னடத்தின் நரவும் நம் சொல்லுக்கு வேறு தாய்வீடு உண்டென்று காட்டிவிடுகின்றன.

பொருளைப் பிரித்தறிந்த பெருமை, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் சவங்களை அறுத்து ஆராய்ந்த ஹெரோபிலஸைச் சேரும். அரிஸ்டாட்டில் போன்ற பேரறிஞரும் நாணென்றே மயங்கியிருந்த உறுப்பை அவர் மூளையோடும் முதுகுத் தண்டோடும் தொடர்புபடுத்தினார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் காலன் என்னும் வைத்தியர் ரோமாபுரியில் பலர் முன்னிலையில், அலறிக்கொண்டிருந்த பன்றியின் குரல்வளை நரம்புகளைத் துண்டித்து, அதன் குரலை ஒரே கணத்தில் அவியச் செய்தார். நரம்பினுள்ளே ஏதோ ஒரு சூக்கும வாயு ஓடுவதாக அவர் கொண்ட கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்தியின் வேகத்தை அளந்து, அது விநாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டரே என்று கண்டபோது, எண்ணத்துக்குக் காலமே வேண்டாம் என்றிருந்த நம்பிக்கையும் போயிற்று.

இனி நேர்ந்ததுதான் விநோதம். 1873இல் இத்தாலியரான கோல்ஜி கண்டுபிடித்த வெள்ளி உப்புச் சாயத்தைக் கொண்டே, 1888 முதல் ஸ்பெயின் தேசத்துக் கஹால், நரம்பு மண்டலம் இடையறாத வலையன்று, தனித்தனி அணுக்களின் கூட்டம் என்று நிறுவத் தொடங்கினார்; 1891இல் வால்டேயர் என்னும் ஜெர்மானியர் அந்த அணுவுக்கு நியூரான் என்று பெயர் சூட்டினார். அறுபடாத நாணைக் குறித்த பழம்பெயர், நாண் துண்டுதுண்டாகத் தெரிந்த காலத்திலேயே அத்துண்டின் பெயராயிற்று. தமிழிலும் அவ்வாறே நரம்பணு என்றும், ஈழத்தில் நரம்புக்கலம் என்றும் ஆக்கிக்கொண்டோம். 1906இல் நோபல் பரிசைக் கஹாலோடு பகிர்ந்துகொண்ட கோல்ஜியோ, அந்த மேடையிலேயே அக்கொள்கையை மறுத்துப் பேசினார்.

துண்டுகள் சந்திக்கும் இடத்துக்கு 1897இல் ஷெரிங்டன், வெரால் என்னும் கிரேக்க மொழிப் புலவரின் யோசனைப்படி, பற்றிக்கொள்ளுதல் என்று பொருள்படும் 'சினாப்ஸ்' என்ற பெயரை அளித்தார். நாமும் நரம்பிணைப்பு என்கிறோம். பெரும்பாலான இடங்களில் அங்கே இணைப்பு இல்லை, மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள இடைவெளியே உண்டென்பதை 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டிற்று. இடைவெளியைச் செய்தி எவ்வாறு கடக்கிறதென்பதற்கு விடை 1921லேயே கிடைத்திருந்தது. வேகஸ் என்னும் நரம்பைத் தூண்டி ஒரு தவளையின் இருதயத் துடிப்பை லோவி மந்தமாக்கி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை வேறோர் இருதயத்தின்மேல் விட, அதுவும் மந்தமாயிற்று. திரவத்தில் இருந்ததை அவர் 'வேகஸ் நரம்பின் பொருள்' என்று மட்டுமே அழைத்தார்; அது அசெட்டைல்கோலின் என்று தெளிவாகப் பின்னும் சில ஆண்டுகள் சென்றன.